ஆசிரியர்களை முதலில் பஸ்ஸில் ஏற்றுவோம்

ஸ்ட்ரெதமில் நடந்த எமது சந்திப்பில், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பிக்கும் தோழர்களும் இளைஞர்களும் கூடியிருந்தபோது ஆற்றப்பட்ட உரை. பேச்சுநடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.



காலமை வகுப்பு எடுத்துப்போட்டு, கொப்பிக் கட்டுகளோடு நேரே இங்கே வந்திருக்கிற ரீச்சர்மாரைப் பார்க்கிறேன். சனிக்கிழமைப் பின்னேரம் உங்களிடம் இன்னொரு வேலை கேட்கிறது சரியில்லைத்தான். ஆனாலும் கேட்கத்தான் வந்தனான்.

சில வருடங்களுக்கு முன்னம் என்ர வகுப்பில் 15 வயதுப் பெடியன் ஒருத்தன் இருந்தான். ஒருநாள் அரை மணித்தியாலம் பிந்தி வந்தான். "ஏனப்பன் பிந்தினனீ?" என்று கேட்டேன். பஸ் தரிப்பில் இரண்டு பொலிஸ்காரர் மறித்து, பையைத் திறந்து, எல்லாத்தையும் வெளியில எடுத்துப் பார்த்தார்களாம். பைக்குள்ள இருந்தது தமிழ்ப் புத்தகமும் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாடும். அழவில்லை, கோபப்படவும் இல்லை. என்னைப் பார்த்து மூன்று கேள்வி கேட்டான். "ரீச்சர், இது எப்ப தொடங்கினது? உங்கட ஆக்களுக்கும் நடந்ததா? ஆராவது எதிர்த்து நிண்டவையா?"

அன்றைக்குப் பாடம் சேர சோழ பாண்டியர். "சரி, இருந்து எழுது" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பதிலுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்குப் பதில் தெரியாது. இந்த ஊரில் எத்தனையோ வருடம் இருந்திருக்கிறேன், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன், என்றாலும் பிள்ளைகள் நடக்கும் தெருக்களின் வரலாறு எனக்குத் தெரியவில்லை. பிறகு தேடத் தொடங்கினபோதுதான் ஒன்று விளங்கியது. அவனுடைய மூன்று கேள்விகளுக்கும் பதில், அவன் காத்துக்கொண்டு நின்ற பஸ்ஸின் வழியிலேயே இருந்தது.

109ஆம் இலக்க பஸ். குரொய்டனில் வெளிக்கிட்டு, நோபரி, ஸ்ட்ரெதம், பிரிக்ஸ்டன் ஹில் வழியாகப் பிரிக்ஸ்டனுக்குப் போகிறது. உங்களில் பாதிப் பேர் இன்றைக்கு அதில்தான் வந்திருப்பீர்கள். இன்றைக்கு நான் சொல்லப் போவது ஒரே ஒரு விசயம்: குடியுரிமைப் போராட்ட வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் ஆசிரியர்கள் இந்த இடங்களில் போய் நிற்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் சுற்றுலாவைப் பற்றி நான் கதைக்கவில்லை. முதலில் நாங்கள். எங்கட கால்.

சரி, குரொய்டனிலிருந்து ஏறுவோம்.

வெல்லஸ்லி ரோட்டில் நிற்கும் 20 மாடிக் கட்டடம் லூனர் ஹவுஸ். மனிதன் நிலவில் இறங்கிய காலத்தில் கட்டியதால் அந்தப் பெயர். எங்கட ஆக்களுக்கு அது நிலவு இல்லை, 'ஹோம் ஒபிஸ்'. விடியப்புறம் வரிசையில் நின்றது, கைரேகை கொடுத்தது, மண்ணிற உறைக்குள் வந்த கடிதம், இதெல்லாம் எங்கட குடும்பங்களின் வரலாறு. ஆனால் ஒரு குடும்பமும் பிள்ளைக்கு அதைச் சொல்கிறதில்லை.

இதே குரொய்டனில் இன்னொன்றும் நடந்தது. 1950களிலும் 60களிலும் கரீபியன் தீவுகளிலிருந்து கப்பலில் வந்திறங்கிய மக்களின் வருகை அட்டைகளை உள்துறை அமைச்சு இங்கேதான் வைத்திருந்தது. 2010இல் அவற்றை அழித்தார்கள். பிறகு அதே அமைச்சு அதே மக்களிடம், "நீங்கள் எப்ப வந்தனீங்கள், அத்தாட்சி காட்டுங்கோ" என்று கேட்டது. அறுபது வயது தாண்டியவர்கள் வேலை இழந்தார்கள், வைத்தியம் மறுக்கப்பட்டார்கள், சிலர் நாடுகடத்தப்பட்டார்கள். 2018இல் வெளியே வந்த வின்ட்ரஷ் ஊழல் இதுதான்.

ஆவணம் எரிவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, 97,000 நூல்களோடு. அந்த வருடத்தை மனதில் வைத்திருங்கள். பஸ் பிரிக்ஸ்டன் போய்ச் சேரும்போது திரும்ப வரும்.

லூனர் ஹவுஸைத் தாண்ட முன்னம் 1987ஐச் சொல்ல வேண்டும். அந்த வருடம் பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள் ஐம்பதுக்கு மேற்பட்டோர், விமானத்தில் ஏற மறுத்து உடுப்பைக் கழற்றி உள்ளாடையோடு நின்றார்கள். படங்கள் பத்திரிகைகளில் வந்தன. நீதிமன்றம் தலையிட்டு விமானம் அவர்கள் இல்லாமல் போனது. அரசு சும்மா இருக்கவில்லை. உரிய கடதாசி இல்லாதவர்களை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கும் சட்டத்தை அதே வருடம் கொண்டுவந்தது. இன்றைக்கு ஓர் அகதி விமானத்தில் ஏற முடியாமல் ரப்பர் படகில் ஏறுகிறார் என்றால், அதற்கான காரணங்களில் ஒன்று எங்கட ஆட்கள் உடுப்பைக் கழற்றி நின்ற அந்த நாட்களில் தொடங்குகிறது.

அதே 1987இல் ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலைக் கட்டி வைத்து, அதற்குள் தஞ்சம் கோரியவர்களை அடைத்தார்கள். பெரும்பாலானோர் தமிழர். ஒக்டோபர் 16ஆம் திகதிப் பெரும்புயலில் கயிறறுந்து கப்பல் தரைதட்டியது. அதன்பிறகுதான் உள்ளே இருந்தவர்கள் வெளியே விடப்பட்டார்கள். 36 வருடம் கழித்து, 2023இல், போர்ட்லாந்தில் 'பிபி ஸ்டாக்ஹோம்' என்ற மிதவையைக் கட்டினார்கள். 2024இல் அதைக் கைவிட வைத்தோம். கப்பல் ஒன்றும் புதிய யோசனை இல்லை. எங்களில் பரிசோதித்துப் பார்த்த யோசனை. இது எத்தனை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லப்படுகிறது?

பஸ் இப்போது ஸ்ட்ரெதமுக்கு வந்துவிட்டது. ஹை ரோட்டில் இருக்கும் நூலகம் எல்லாருக்கும் தெரியும். 1891இல் ஹென்றி டேட் கொடுத்த காசில் திறந்தது. சீனி வியாபாரி. ஸ்ட்ரெதம் கொமன் பக்கத்தில்தான் அவருடைய மாளிகை, 1899இல் அங்கேதான் இறந்தார். டேட் அடிமைகளை வைத்திருந்தவர் இல்லை. அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்த 1833இல் அவருக்கு 14 வயது. இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். மிகைப்படுத்தினால் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்து எங்களைப் பொய்யர் என்று சொல்லும்.

ஆனால் அடிமைமுறை ஒழிந்தபிறகு கரும்பை யார் வெட்டினது? இந்தக் கேள்வியை நூலக வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள். அடிமைகளின் சொந்தக்காரருக்கு அரசு 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. அந்தக் கணக்கோடு சேர்ந்த கடன் அடைந்து முடிந்தது 2015இல்தான். நீங்கள் வரி கட்டியிருந்தால் நீங்களும் அடைத்திருக்கிறீர்கள். தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே. ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினார்கள். 1834இல் மொரீசியஸ், பிறகு கயானா. 1860 நவம்பர் 16இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. அந்த மக்களின் வழித்தோன்றல்களோடு சிறைக்குப் போய், 1914இல் 16 வயதில் இறந்தவர்தான் தில்லையாடி வள்ளியம்மை. வள்ளியம்மையைப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் பண்ண வைக்கிறோம். ஆனால் அவருடைய கதைக்கும் எங்கட பிள்ளை புத்தகம் இரவல் எடுக்கும் நூலகத்துக்கும் இடையில் ஒரு சீனி மூட்டைதான் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

பஸ் பிரிக்ஸ்டன் ஹில்லில் இறங்குகிறது. இடப்பக்கம் உள்ளே பிரிக்ஸ்டன் சிறைச்சாலை. ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பழிவாங்கிய உதம் சிங், 1940இல் தூக்குக்கு முன்னம் இங்கே அடைக்கப்பட்டு உண்ணாவிரதம் இருந்தார். கொஞ்சம் கீழே ஒலிவ் மொரிஸ் பெயரில் மாநகரசபைக் கட்டடம் ஒன்று இருந்தது. இப்ப இல்லை, இடித்துவிட்டார்கள். ஜமைக்காவில் பிறந்து இந்தத் தெருக்களில் வளர்ந்தவர். வீடில்லாத மக்களுக்காக வெற்று வீடுகளைக் கைப்பற்றினார், கறுப்பினப் பெண்கள் அமைப்புகளைக் கட்டினார், 1979இல் 27 வயதில் நோயில் இறந்தார். இங்கே இருக்கிற சில தோழர்களைவிட இளையவர்.

வின்ட்ரஷ் சதுக்கத்தில் இறங்குவோம். ஏன் பிரிக்ஸ்டன்? 1948 ஜூன் 22இல் வின்ட்ரஷ் கப்பலில் வந்தவர்களில் தங்க இடமில்லாத 200க்கு மேற்பட்டோரைக் கிளப்பம் சவுத்தில், யுத்தகாலத்தில் தோண்டிய நிலத்தடிப் பதுங்கிடத்தில் தங்க வைத்தார்கள். எங்கட பாஷையில் பங்கர். அதற்குக் கிட்டிய வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டன் கோல்ட்ஹாபர் லேனில் இருந்தது. பங்கரிலிருந்து நடந்து வந்து வேலை கேட்டார்கள். இதுதான் பிரிக்ஸ்டன் பிரிக்ஸ்டனான கதை. அதே சதுக்கத்தில் செரி குரோஸின் நினைவிடம் இருக்கிறது. 1985இல் மகனைத் தேடி வீட்டுக்குள் புகுந்த பொலிஸ் தாயைச் சுட்டது. நடக்க முடியாமல் போய், 2011இல் இறந்தார். சுடும்போது பார்த்துக்கொண்டு நின்ற இன்னொரு மகனுக்கு 11 வயது. நினைவிடம் எழும்ப 2021 வரை போராட வேண்டியிருந்தது.

அங்கிருந்து ரெயில்ரன் ரோடு நடை தூரம். இனி அந்தப் பெடியனின் முதல் கேள்விக்கு வருவோம். இது எப்ப தொடங்கினது?

1824இல் வந்த அலைந்து திரிவோர் சட்டத்தின் 4ஆம் பிரிவு, சந்தேகத்துக்குரியவராகத் தெரிந்தாலே பிடிக்கலாம் என்றது. தெருவில் அதற்குச் 'சஸ்' என்று பெயர். நூற்றைம்பது வருடம் பழைய சட்டத்தை 1970களில் கறுப்பின இளைஞர்களுக்கு எதிராகப் பொலிஸ் தூசி தட்டி எடுத்தது. 1981 ஏப்ரலில் 'சுவாம்ப் 81' என்று ஒரு நடவடிக்கை. சுவாம்ப் என்றால் சதுப்பு நிலம், மூழ்கடித்தல் என்றும் பொருள். பிரித்தானியர்கள் வேற்றுப் பண்பாட்டு மக்களால் மூழ்கடிக்கப்படப் பயப்படுகிறார்கள் என்ற பொருளில், இதே சொல்லைத் தாட்சர் 1978இல் தொலைக்காட்சியில் பாவித்திருந்தார். சில நாட்களுக்குள் 943 பேரை மறித்துச் சோதித்தார்கள். ஏப்ரல் 10 முதல் 12 வரை பிரிக்ஸ்டன் கொதித்தெழுந்தது. அந்த வருட முடிவுக்குள் 'சஸ்' சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. வருடக்கணக்கான தாய்மாரின் பிரசாரமும் தெருவின் கோபமும் சேர்ந்துதான் அதை நீக்கின.

இரண்டாவது கேள்வி, உங்கட ஆக்களுக்கும் நடந்ததா? நடந்தது. இதே ஆட்சி 1871இல் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீட்டியது. பிறந்த சாதியே குற்றம். இரவில் வீட்டில் தூங்கக்கூடாது, கைரேகை வைக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3இல் உசிலம்பட்டிக்குக் கிட்ட, பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த மக்களைப் பொலிஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் இறந்தார்கள். ஏப்ரல் 1920 பெருங்காமநல்லூர், ஏப்ரல் 1981 பிரிக்ஸ்டன். இரண்டு ஊருக்கும் இடையில் 61 வருடமும் ஒரு பெருங்கடலும். இரண்டிலும் சட்டத்தின் உள்ளம் ஒன்றே: நீ என்ன செய்தாய் என்று கேட்காது, நீ யார் என்று பார்க்கும்.

மூன்றாவது கேள்வி, ஆராவது எதிர்த்து நின்றார்களா? ரெயில்ரன் ரோடு 165ஆம் இலக்க வீட்டுக்கு முன்னால் வந்து நில்லுங்கள். 'ரேஸ் டுடே' பத்திரிகைக் குழுவின் இடம். டார்கஸ் ஹவ், லிண்டன் குவெசி ஜோன்சன் எல்லாரும் இயங்கிய வீடு. மேல்மாடியில் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1989இல் இறக்கும்வரை இருந்தார். நீலப் பலகை இருக்கிறது. 'ரேஸ் டுடே' எங்கிருந்து வந்தது தெரியுமோ? இன உறவுகள் நிறுவனம் வெளியிட்ட பத்திரிகை அது. அந்த நிறுவனம் அரசுக்கும் முதலாளிகளுக்கும் ஆய்வு செய்துகொடுக்கும் இடமாக இருந்ததை, 1972இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் சேர்ந்து கிளர்ச்சி செய்து மாற்றினார்கள். முன்னணியில் நின்றவர் அதன் நூலகர். அவர் அம்பலவாணர் சிவானந்தன். 1958 கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து லண்டன் வந்தவர், வந்ததும் கண்டது நொட்டிங் ஹில் இனக்கலவரம். நாங்கள் இங்கே இருப்பதற்கும் இவர்கள் அங்கே வந்ததற்கும் உள்ள தொடர்பை ஒரே வரியில் உலகத்துக்கு விளங்க வைத்தவர். இலங்கையில் மலையகத்தில் ஆசிரியராகவும் இருந்தவர். சி.எல்.ஆர். ஜேம்ஸும் திரினிடாட்டில் ஆசிரியர்தான். தொழில் ஒன்றுதான் தோழர்களே, நாங்களும் அதுதான் செய்கிறோம்.

இப்போது 1981. ஜனவரியில் நியூ குரொஸில் ஒரு பிறந்தநாள் விருந்து தீப்பிடித்து 13 இளையவர்கள் இறந்தார்கள். மார்ச் 2இல் 20,000 பேர் ஊர்வலம் போனார்கள். ஏப்ரலில் பிரிக்ஸ்டன். மே முடிவில் யாழ்ப்பாணம் எரிந்தது. அதே வருடம், இதே பிரிக்ஸ்டனில், லென் கரிசன் என்ற கல்வியாளரும் தோழர்களும் சேர்ந்து கறுப்பினப் பண்பாட்டு ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். பாடப்புத்தகத்தில் தங்களைக் காணாத பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. சொந்தக் கட்டடம் கிடைக்க 2014 ஆயிற்று. இன்றைக்கு வின்ட்ரஷ் சதுக்கம் 1ஆம் இலக்கத்தில் இருக்கிறது.

109 பஸ்ஸின் ஒரு முனையில் வருகை அட்டைகள் அழிக்கப்பட்டன. மறுமுனையில் கடிதமும் படமும் துண்டுப்பிரசுரமும் காப்பாற்றப்படுகின்றன. நடுவில், ஸ்ட்ரெதமில், நாங்கள் இருக்கிறோம். நாங்கள் எந்தப் பக்கம்?

இதையெல்லாம் ஒரு ஸ்லைட் போட்டுக் காட்டலாம்தானே, ஏன் போய் நிற்க வேண்டும் என்று கேட்பீர்கள்.

ரோசா பார்க்ஸின் கதை எங்களுக்கு எப்படிச் சொல்லப்பட்டது? களைத்துப் போன தையல்காரப் பெண், ஒருநாள் பஸ்ஸில் எழும்ப மறுத்துவிட்டார். உண்மை அதுவல்ல. 1943இலிருந்து மொண்ட்கொமரியில் கறுப்பின உரிமை அமைப்பின் செயலாளராக வேலை செய்தவர். பஸ்ஸில் கைதாவதற்கு நான்கு மாதம் முன்னம், 1955 கோடையில், டென்னசியில் உள்ள ஹைலாண்டர் பள்ளியில் ஒரு பயிலரங்குக்குப் போயிருந்தார். அங்கே வழிநடத்தியவர் செப்டிமா கிளார்க், ஒரு பள்ளிக்கூட ரீச்சர். உரிமை அமைப்பில் உறுப்பினராக இருந்தார் என்பதற்காகவே 1956இல் அவருடைய வேலை பறிக்கப்பட்டது. பிறகு அவர் செய்ததுதான் பெரிய வேலை. வாக்குரிமைப் பரீட்சைக்கு மக்களைத் தயார்படுத்தும் குடியுரிமைப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றினார். தலைவர்களைத் தேடவில்லை. வாசிக்கத் தெரிந்த சாதாரண மனிதர்களைக் கூட்டி, அவர்களை ஆசிரியர்களாக்கினார். ஒருவர் பயின்றால் ஓர் ஊர் பயிலும்.

இங்கேயும் ஒரு பஸ் கதை இருக்கிறது. 1963இல் பிரிஸ்டல் பஸ் நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பஸ்ஸில் வேலைக்கு எடுக்க மறுத்தது. போல் ஸ்டீபன்சன் என்ற இளைஞர் நலப் பணியாளரும் தோழர்களும் நான்கு மாதம் புறக்கணிப்பு நடத்தி வென்றார்கள். வென்ற நாள் ஓகஸ்ட் 28, வாஷிங்டன் பேரணி நடந்த அதே நாள். அதன்பின் முதலில் நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். கறுப்பினத் தோழர்கள் நடத்திய போராட்டத்தில் திறந்த கதவால் ஓர் ஆசியர் உள்ளே போனார். "அது அவையின்ர வரலாறு, எங்களது வேற" என்று சொல்கிறவர்களுக்கு இது போதும். எங்கட வீடுகளில் கறுப்பின மக்களைக் குறிக்கப் பாவிக்கும் சொல் உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை நான் இங்கே சொல்லமாட்டேன். ஆனால் எங்கட பிள்ளைகள் அதை வீட்டில் கேட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள்.

நேரில் நிற்பதால் என்ன வித்தியாசம்? போன வருடம் எங்களோடு ரெயில்ரன் ரோட்டுக்கு ஓர் ஐயா வந்தார், முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பிக்கிறவர். 165ஆம் இலக்க வீட்டைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார். பிறகு சொன்னார்: "நான் வந்த புதிதில் இதுக்குப் பின் தெருவிலதான் பிள்ளை அறை வாடகைக்கு இருந்தனான். பெட்ரோல் ஸ்டேசனில இரவு வேலை. ஒவ்வொரு நாளும் இந்தக் கதவைத் தாண்டிப் போனனான். ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை." அந்த ஐயா அடுத்த சனிக்கிழமை வகுப்பில் சொன்ன கதை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. தன்னுடைய இரவு வேலையையும் அந்த வீட்டையும் சேர்த்துச் சொன்னார். பிள்ளைகள் போனைத் தொடவில்லையாம்.

இனிக் கசப்பான பகுதி. நாங்கள் பாதிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டும் போனால் அது வரலாறு இல்லை, ஒப்பாரி. ஊரில் எங்கட ஆசிரியர்கள் போய் நிற்க வேண்டிய இடங்களும் உண்டு. 1920களின் கடைசியில் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றவர்களோடு வாங்கில் இருக்கலாமா என்பதற்குப் போராட்டம் நடந்தது. சம ஆசனம் கொடுத்த பள்ளிகள் சில எரிக்கப்பட்டன. எரித்தது வெளியாள் இல்லை. 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனவர்களைப் பொலிஸ் அடித்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிச் சத்தியாக்கிரகம் இருந்தவர்களை மறித்து நின்றவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். படிப்பு மட்டும் மனிதனைத் திருத்தாது என்பதற்கு அந்தக் கோயில் வாசல் சாட்சி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியபோது வெறுமையான தெருக்களும் அப்படித்தான்.

"அது பழங்கதை" என்பீர்கள். 2013இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று விதித்தது. 2018இல் அரசு அதைக் கைவிடப் போவதாக அறிவித்தது. எதிர்த்தவர்களில் எங்கட துணைக்கண்டத்து அமைப்புகளும் இருந்தன. வின்ட்ரஷ் சதுக்கத்தில் நின்று கண்ணீர் விட்டுப்போட்டு, வீட்டில் பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது சாதி கேட்டால், பஸ்ஸில் போன காசு வீண்.

ஆசிரியர் சேர்ந்தால் வெல்ல முடியும் என்பதற்கு எங்கட கண் முன்னாலேயே உதாரணம் இருக்கிறது. 2016இல் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளின் குடியுரிமையையும் பிறந்த நாட்டையும் பதிய வேண்டும் என்று அரசு சொன்னது. பெற்றோரும் ஆசிரியர்களும் விபரம் கொடுக்க மறுக்கும் இயக்கம் நடத்தினார்கள். 2018இல் அரசு அதை நிறுத்தியது. சவுத்ஹோலில் 1979 ஏப்ரல் 23இல் பாசிசவாதிகளுக்கு எதிரான போராட்டத்தில் பொலிஸின் அடியால் இறந்த பிளேயர் பீச்சும் ஆசிரியர்தான். ஆசிரியர் சங்கம் இன்றும் அவர் பெயரில் விருது கொடுக்கிறது.

அப்ப என்ன செய்யலாம்? நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் தடவை பிள்ளைகள் வேண்டாம். எட்டு, பத்து ஆசிரியர்கள் மட்டும். பிள்ளைகள் இருந்தால் நாங்கள் தெரிந்தமாதிரி நடிப்போம். தெரியாது என்று சொல்ல இடம் வேண்டும்.

ஒரு நாளில் மூன்று இடம் போதும். ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் ஐந்து நிமிடம் மட்டும் கதைக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தியோ கடிதமோ ஒன்றைச் சத்தமாக வாசியுங்கள். பிறகு பேசாமல் நில்லுங்கள். அங்கே வாழ்கிற ஆட்கள் வந்து கதைப்பார்கள். எங்களோடு கதைத்த ஒரு கரீபியன் அம்மா, நாங்கள் படித்துவிட்டுப் போனதில் இரண்டு பிழை திருத்தினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஒவ்வொருவரும் தன்னால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியை எழுத வேண்டும். அடுத்த கிழமை வகுப்பில் அந்தக் கேள்வியோடு தொடங்க வேண்டும், பதிலோடு அல்ல.

பெற்றோர் கேட்பார்கள், "தமிழ் படிக்கத்தானே அனுப்பினனாங்கள், அரசியல் எதுக்கு?" நல்ல கேள்வி. ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடமாக, "லூனர் ஹவுஸ் பற்றி அம்மம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா" என்று கொடுத்தேன். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பிள்ளைக்குத் தமிழில் கேட்பதைவிட வழியில்லை. இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். வரிசை, குளிர், மொழிபெயர்ப்பாளர், நிராகரிப்பு, மேன்முறையீடு. எத்தனை எழுத்துப்பிழை என்று நான் எண்ணவில்லை. "அம்மம்மா எனக்கு இதெல்லாம் முதல் சொன்னதே இல்லை ரீச்சர்" என்றாள். ஒருத்தரும் கேட்கவில்லை, அதனால் அவ சொல்லவில்லை. அந்த இரண்டு பக்கமும் ஓர் ஆவணம். கட்டாயம் பிரதி எடுத்து வையுங்கள். எரிந்துபோன நூலகத்துக்கு அழுகிற நாங்கள், உயிரோடு இருக்கிற நூலகங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் இருக்கக்கூடாது.

முடிக்கிறேன். அந்தப் பெடியன் இப்ப பல்கலைக்கழகத்தில். போன மாதம் நாங்கள் நடந்தபோது அவனைக் கூப்பிட்டேன், வந்தான். ரெயில்ரன் ரோட்டில் நின்று சொன்னேன்: "தம்பி, அண்டைக்கு நீ மூண்டு கேள்வி கேட்டனீ. மூண்டுக்கும் பதில் சொல்ல எனக்கு இவ்வளவு வருசம் எடுத்தது." அவன் சிரித்துக்கொண்டு, "ரீச்சர், நான் இப்ப நாலாவது கேள்வியில நிக்கிறன்" என்றான்.

என்ன கேள்வி என்று கேட்டேன். "அடுத்தது எப்ப, நாங்கள் என்ன செய்யப் போறம்?"

அதற்குப் பதில் என்னிடம் தனியாக இல்லை. 109 பஸ் வெளியே நிற்கிறது. வகுப்பு முடிந்த ஒரு சனிக்கிழமைப் பின்னேரத்தை ஒதுக்குங்கள். நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு வாருங்கள்.